மேற்குக் கட்டத்து நீலம்

ஒட்டுப் போர்வை தைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, இராமநாதபுரத்தில் குடியிருக்காதீர்கள் என்பதுதான். இங்கே போர்வைக்கு வேலையே இல்லை. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும்போது ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொள்வோம். எங்கள் குளிர் அவ்வளவுதான். இந்த ஊரில், சித்திரை வெயிலில், பஞ்சு வைத்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு நான் தைத்தேன். என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவர் உப்பளத்தில் மேஸ்திரி.

"அப்படியே எனக்கு ஒரு ஸ்வெட்டரும் பின்னிரு. உப்பளத்துக்குப் போட்டுக்கிட்டுப் போறேன்," என்றார்.

போர்வை எங்களுக்கில்லை. என் மகளைக் குன்னூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் அங்கே தேயிலை ஆலையில் வேலை பார்க்கிறார். அந்த ஊரில் பேசினாலே வாயிலிருந்து புகை வரும். அவள் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது முறை அவள் போனில் அழவில்லை. "என்ன குழம்பும்மா வச்ச?" என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாதகம் பார்க்கிறவர் சனியின் பார்வை என்று சொன்னார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்கள் ஒன்பதையும் சுற்றி வந்து, முழுகி, உடுத்தியிருக்கும் துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்றார். மகளுக்குப் பதிலாகத் தாய் செய்யலாமா என்று கேட்டேன். தாய் செய்தால் இன்னும் விசேஷம் என்றார். சனிக்கு உகந்தது கருநீலம். என்னிடம் இருந்த ஒரே கருநீலக் கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், முழுகி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, அதை அலையில் விட்டுவிட்டு வந்தேன். நன்றாக உழைத்த சேலை. நான் திரும்பிப் பார்க்காமல் வந்ததற்குச் சாமி பயம் பாதிக் காரணம். பார்த்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேனோ என்ற பயம் மீதி.

அதற்குப் பிறகு உண்டானது தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து மகளை இங்கே அழைத்து வந்தோம். கை நிறைய வளையலோடும் ஒரு பெட்டி சாமானோடும் வந்தாள். மருத்துவர் படுத்தே இருக்கச் சொன்ன நாட்களில், போனில் போர்வை தைக்கும் வெளிநாட்டுப் பெண்களின் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து அதில் ஊறிப் போயிருந்தாள். பெட்டியில் சக்கரம் போல உருளும் ஒரு கத்தி, அதை உருட்டுவதற்குக் கோடு போட்ட பச்சைப் பாய், கண்ணாடி போன்ற அளவுகோல், சுருட்டி வைத்த பஞ்சு விரிப்பு எல்லாம் இருந்தன. தையலைப் பிரிப்பதற்கென்றே கொக்கி வைத்த ஒரு குச்சியும் இருந்தது.

"போர்வை தைக்கிறவளுக்கு இதுதான் உயிர்த்தோழின்னு வீடியோவுல அந்தம்மா சொல்லுது," என்றாள் அந்தக் குச்சியைக் காட்டி.

"தைக்கிறதுக்கு முன்னாலயே பிரிக்கிறதப் பத்திச் சொல்லுது பாரு. நல்ல வாய்," என்றேன்.

தைப்பது நான், சொல்லிக் கொடுப்பது அவள் என்று ஏற்பாடு. அவள் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துச் சொல்வாள். நான் கீழே உட்கார்ந்து கேட்பேன். அந்தக் காணொளிகளில் சொல்வதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. துணியைத் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துச் சுருங்க விடு, சாயம் போகாமலிருக்கத் தண்ணீரில் ஒரு கை உப்புப் போடு என்றார்கள். எங்கள் குழாயில் உப்பு தனியாகப் போட வேண்டியதில்லை. துணியை வெயிலில் காயப்போடாதே என்றார்கள். நிழலுக்கு எங்கே போவது? ஊசியை ஊசிப்பையில் குத்தி வை என்றார்கள். கடற்காற்றில் அப்படிக் குத்தி வைத்த ஊசி பத்து நாளில் சிவந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் தைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசியையும் கத்தியையும் முகப்பவுடர் டப்பாவில் பவுடரோடு புதைத்து வையுங்கள். எண்ணெய் தடவினால் துருப் பிடிக்காதுதான், ஆனால் துணியில் கறை ஏறிவிடும். கால் அங்குலத்துக்கு ஓரம் விட்டுத் தையுங்கள். காணொளிக்காரியும் அதையேதான் சொல்கிறாள், நானும் சொல்கிறேன். உலகத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது இந்தக் கால் அங்குலத்தில் மட்டும்தான்.

துணிக்குத்தான் அலைந்தோம். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில், கலப்பில்லாத பருத்தியாக இருக்க வேண்டுமாம். புதுத் துணிக்கடையில் அப்படி ஒன்பது நிறம் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சந்தைப் பக்கம் துண்டுத்துணியை எடை போட்டு விற்கும் கடை ஒன்று உண்டு. விசைப்படகு இஞ்சின் துடைக்கவும் மெக்கானிக் பட்டறைக்கும் அங்கேதான் வாங்குவார்கள். அங்கே போய்த் துணியைத் தூக்கி வெயிலில் பிடித்து இழை பார்த்தேன். கடைக்காரர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அக்கா, என்ன இஞ்சினு உங்களுது?"

"பிள்ளைக்குப் போர்வை தைக்கணும்ப்பா."

"இதுலயா? தாராளமாத் தைங்க. எல்லாம் மில்லுத் துணி. சலவை பண்ணி வந்தது. சாயம் போச்சுன்னா என்னய வந்து கேளுங்க."

நிறம் பார்த்துப் பொறுக்கி ஒரு மூட்டை வாங்கி வந்தேன். ஓரமெல்லாம் வெட்டி நீக்கிய நல்ல பருத்தித் துண்டுகள். மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, காணொளிக்காரிகூட இவ்வளவு மெத்தென்று வைத்திருக்கவில்லை என்றாள்.

மாதிரிகளில் எளியது ஒன்பது கட்டம். மூன்றுக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். புதிதாகப் பழகுகிறவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும் என்று மகள் சொன்னாள். ஒன்பது கட்டம் என்றதும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஒன்பது பேரையும் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நடுவில் சூரியன் சிவப்பு. கிழக்கே சுக்கிரன் வெள்ளை, தென்கிழக்கே சந்திரன் அவரும் வெள்ளை, தெற்கே செவ்வாய் சிவப்பு, தென்மேற்கே ராகு புகைநிறம், மேற்கே சனி கருநீலம், வடமேற்கே கேது பல நிறம், வடக்கே குரு மஞ்சள், வடகிழக்கே புதன் பச்சை. சாமான்யப்பட்ட பிள்ளையா, தவமிருந்து வருகிற பிள்ளை. ஒன்பது பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மகள் தலையில் கை வைத்தாள். "அம்மா, ஒரே நெறம் பக்கத்துல பக்கத்துல வரக் கூடாது. அதுதான் மொதல் பாடமே. நீ செவப்புக்குப் பக்கத்துல செவப்பு வைக்கிற, வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளை வைக்கிற."

"அதுக்காகச் செவ்வாயத் தூக்கி வடக்க வைக்க முடியுமா? அந்தம்மா சொல்லுச்சுன்னு நான் சந்திரனை எடம் மாத்துறதா?"

"இது வெறும் டிசைனும்மா."

"ஒனக்கு டிசைனு."

வீட்டுக்காரர் நடுவராக வந்தார். "பிள்ளை பொறக்கட்டும், அதுகிட்டயே கேட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டு விசிறியைக் கூட்டிவைத்தார். தரையில் அடுக்கியிருந்த ஒன்பதும் பறந்தன. ராகு கட்டிலுக்கடியில் போனார். குரு சாமி விளக்குப் பக்கம் போய் விழுந்தார். பறக்காமல் கிடந்தது நீலம் மட்டும். அந்தத் துண்டு மற்றவற்றைவிடச் சற்று கனமாக இருந்தது. இன்னொரு யோசனை எழுதி வைக்கிறேன்: கட்டங்களை அடுக்கும்போது விசிறியை நிறுத்துங்கள், கணவரை வெளியே அனுப்புங்கள்.

கடைசியில் ஒத்துப்போனோம். சூரியனுக்குச் செங்கல் சிவப்பு, செவ்வாய்க்கு மிளகாய்ச் சிவப்பு. சுக்கிரனுக்குச் சலவை வெள்ளை, சந்திரனுக்குக் கோரா வெள்ளை. கிரகமும் நகரவில்லை, பாடமும் கெடவில்லை. மிதி மெஷினில் ஒன்பதையும் சேர்த்தேன். பஞ்சு விரிப்பை நடுவில் வைத்து, மூட்டையிலேயே கிடந்த வெளிர்மஞ்சள் துணியை அடியில் கொடுத்து, பெரிது பெரிதாக நூலோட்டி, ஓரத்துக்குப் பட்டை பிடித்தேன். பிறகு பஞ்சு நகராமலிருக்க ஒவ்வொரு கட்டமாகக் கைத்தையல். மேற்குக் கட்டத்தைக் கடைசிக்கு வைத்தேன். சனிக்கிழமையில் மட்டும் அதைத் தொடவில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தது. ஒரு நாள் மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நீலக் கட்டத்தின் ஓரத்தில் ஊசி ஏறாமல் ஒரு தடிப்பில் முட்டியது. விரலால் தடவினேன். நன்றாக இழையோடி அடைத்த ஒரு கிழிசல். நீலநூல் கிடைக்காமல் கருப்பு நூலில் அடைத்தது. நாலு மூலையிலும் முடிச்சுக்குப் பதில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. முடிச்சுப் போட்டால் உடம்பில் உறுத்தும் என்று அப்படிப் போடுவது என் பழக்கம். வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. பஸ் சன்னல் கொக்கியில் மாட்டிக் கிழிந்த முந்தானையை அடைத்தது அது. கடல் தண்ணீரும் வெயிலும் குடித்து நிறம் இரண்டு படி இறங்கியிருந்தது, சேலைக் கரையையும் வெட்டி எடுத்திருந்தார்கள். அதனால் வெட்டும்போது எனக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்துவிட்டது.

மகளைப் பிடித்திருந்ததை எல்லாம் சேர்த்து நான் கடலில் விட்ட சேலை, அவள் பிள்ளைக்கான போர்வையில் மேற்கே உட்கார்ந்திருந்தது. அதுவும் சரியாகச் சனி இருக்க வேண்டிய இடத்தில். உட்கார வைத்தது நான்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"கரையில விட்டுட்டுப் போற துணியெல்லாம் அங்கனயே கெடந்தா கரை என்னத்துக்காகும்க்கா? அள்ளுறவக அள்ளுறாக, அலசி வெட்டிக் கொடுக்குறாக, நான் எடுக்கிறேன்."

"மில்லுத் துணின்னு சொன்னீகளே."

"எல்லாத் துணியும் ஒரு காலத்துல மில்லுலருந்து வந்ததுதான?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "சாயம் போச்சாக்கா?"

சாயம் போகவில்லை. அந்த வகையில் அவர் வாக்குத் தவறாதவர்.

கட்டத்தைப் பிரித்து எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உயிர்த்தோழிக் குச்சி கையில்தான் இருந்தது. ஆனால் பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தைத்ததைப் பிறக்கும் முன் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்துப் பேச்சு. மற்ற நாட்களில் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். இரண்டு முறை தங்காமல் மூன்றாவதாகத் தங்கிய பிள்ளைக்காகத் தைத்த ஒன்றைப் பிரிக்க என் கை வரவில்லை. வைத்திருக்கவும் பயம், பிரிக்கவும் பயம். மறுநாள் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போர்வையைக் கட்டைப்பையில் வைத்துத் தேவிபட்டினத்துக்கு பஸ் ஏறினேன். முழுசாக விட்டுவிடுவது என்று நினைப்பு.

படித்துறையில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். கடலில் துணி விடக் கூடாது என்று. பலகைக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு ஒரு பெண் நின்றாள். பையைப் பார்த்ததுமே வந்துவிட்டாள்.

"என்னம்மா, துணியா?"

"போர்வை."

"போர்வை போட வேற ஆரம்பிச்சுட்டீகளா? முங்குனா உள்ள பாறையா எறங்கிரும், நாங்கதான் இழுக்கணும். கொண்டு போங்க."

கரையில் பரிகாரம் செய்துவைக்கும் குருக்களிடம் போனேன். கடலில் விட்ட சேலை திரும்பி வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டேன். முதலில் நான் சொன்னதை அவர் விளங்கிக்கொள்ளவில்லை. போர்வையை விரித்துக் காட்டினேன். தையலைத் தொடாமல் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நவக்கிரகம் சரியா வச்சிருக்கேளே," என்றார்.

"சாமி, நான் கேட்டது..."

"துணியை எப்படி விடணும்னு சொல்லியிருக்கு. திரும்பி வந்தா என்ன பண்ணணும்னு எங்கயும் சொல்லலை. இதுவரை யாருக்கும் வந்ததில்லையே. பெரியவா கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் போல. ஒன்பது கல்லையும் பார்த்துக் கும்பிட்டேன். சனீஸ்வரனிடம் மட்டும், "அப்பா, இது நான் வேணும்னு செஞ்சதில்ல," என்று சொன்னேன். அலை வந்து போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

பையோடு வீடு திரும்பினேன். கோயிலுக்குப் போகிறவள் எதற்குப் போர்வையை எடுத்துப் போனாள் என்று மகள் கேட்டாள். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லக் கூடாது, இந்த நேரத்தில் மனம் கலங்கும் என்று தெரியும். ஆனால் சுமக்கிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் அதை அவள் பிள்ளை மேல் போட என்னால் முடியாது.

அவள் போர்வையை இழுத்து மேற்குக் கட்டத்தைத் தேடிப் பிடித்து, அந்தத் தையலைத் தடவினாள். வளையல்கள் கையோடு நகர்ந்தன. என்ன குழம்பு என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"எதுக்காகம்மா இதக் கடல்ல விட்ட?"

"ஒனக்குத் தங்கணும்னுதான்."

"தங்கிருச்சுல்ல."

"தங்கிருச்சு."

"அப்ப போன வேலை முடிஞ்சுச்சு, வீட்டுக்கு வந்திருக்கு. அய்யாகூட வேலை முடிஞ்சா வீட்டுக்குத்தான வாராரு."

"வாரேன், வாரேன்," என்றார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், என்ன பேச்சு என்று தெரியாமலேயே.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் பயம் போகவில்லை. பயம் சொன்னால் கேட்டுப் போகிற சாதி இல்லை. மீதித் தையலை முடித்து, போர்வையைச் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் மடித்து வைத்தேன். தினமும் விளக்கேற்றியதும் அதில் ஒரு துளி திருநீறு. வலி எடுத்து மருத்துவமனைக்குக் கிளம்பியபோது அதை எடுத்துப் போகவில்லை. அங்கே வெளித்திண்ணையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஏர்வாடிப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மா அருகில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "எம் மகளுக்கும் சேத்து ஓதுங்கம்மா," என்றேன். "உங்க மகளுக்குத்தான் இப்ப ஓதிக்கிட்டிருக்கேன், என் மருமகளுக்குக் காலையிலயே ஆயிருச்சு," என்றார்.

பேத்தி பிறந்தாள். நல்ல எடை. தாயும் சுகம்.

பெயர் வைக்கும் நாளுக்குச் சம்மந்தியம்மா வந்தார். குன்னூரில் மகனோடு இருந்தாலும் முதுகுளத்தூர்ப் பக்கத்து மனுஷி. மலைக்காற்று பட்டும் கறார் குறையவில்லை. எல்லாம் முடிந்ததும், ஊருக்குக் கொண்டு போக என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் போர்வையை எடுத்து வந்து விரித்தாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

ஒன்பது கட்டத்தையும் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, "புதுத் துணியாவுல்ல தெரியுது. பச்சப்பிள்ளைக்கு முதல்ல புதுசு ஆகாது மதினி. வீட்டுல பெரியவக கட்டிப் பழகுன சேலையிலதான் கெடத்தணும். ஆயுசு அப்பத்தான்," என்றார்.

இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கிரகங்களை இடம் பார்த்து வைப்பதிலேயே இருந்து இதை மறந்துவிட்டேன்.

அவர் கை ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே போய் நீலத்தில் நின்றது. விரல் அந்தத் தடிப்பைக் கண்டுபிடித்துவிட்டது.

"இது தச்ச துணியா இருக்கே. யாரு சேலை இது?"

மகள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என் சேலைதான் மதினி. ரொம்ப வருசம் கட்டுனது."

"அதான் பாத்தேன். தொட்டாத் தெரியுதுல்ல." கட்டத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். "இது ஒண்ணுதான் இதுல பிள்ளைக்கு ஆகுற துணி. மத்த எட்டையும் அடித்துணியையும் நாளைக்கு நல்லா நனைச்சு எடுங்க. யாரு தொட்டதோ, எங்க கெடந்ததோ."

எங்கே கிடந்தது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பேத்தியைத் தூக்கித் தலை கிழக்கே வரும்படி போர்வையில் கிடத்தினார். கால் மேற்குக் கட்டத்தில் விழுந்தது. பேத்தி இரண்டு உதை விட்டாள்.

"சனியவே ஒதைக்கிறா பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் போர்வையை அலசினேன். மற்ற எட்டை மட்டும் நனைக்கும் வழி எந்தக் காணொளியிலும் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் நனைந்தது. மாடியில் கொடியில் போட்டேன். பஞ்சு வைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிடாதே, விரித்துக் காயவை என்று அந்தம்மா சொல்லியிருக்கிறாள். தெரியும். ஆனால் விரித்தால் காக்கா வரும். காற்று கடல் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. ஓரத்துக்கு ஒரு கிளிப் போட்டேன். இறங்கப் போனவள் திரும்பி வந்து நீலக் கட்டத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு கிளிப் மாட்டினேன். அது போனாலும் வந்து சேரும் என்று தெரிந்துதான் மாட்டினேன். படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.